முதலாளியின் கோல்ஃப் ஜிக்

எங்கள் முதலாளிக்குக் கையின் மேல் நம்பிக்கை கிடையாது. தன் கை, என் கை, யார் கையாக இருந்தாலும் சரி.

"கை பொய் சொல்லும் சாமி. காலைல ஒண்ணு சொல்லும், சாப்ட்டு வந்தா வேற சொல்லும். ஜிக்குக்கு ஒரே பேச்சு" என்பார்.

ஜிக் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரே மாதிரி நூறு பீஸில் ஒரே இடத்தில் துளை போட வேண்டும் என்றால், ஒவ்வொன்றையும் அளந்து குறி வைத்துக்கொண்டிருந்தால் வேலை ஆகாது. பீஸை உள்ளே வைத்ததும் அசையாமல் பிடித்துக்கொண்டு, துளை இங்கேதான் என்று வழி காட்டுகிற ஓர் இரும்புச் சட்டம் செய்துவைத்துக்கொள்வோம். அதுதான் ஜிக். அதற்கப்புறம் தூக்கக் கலக்கத்தில் போட்டாலும் நூறும் ஒன்றுபோல வரும். எல்லாப் பட்டறையிலும் இது உண்டு. எங்கள் முதலாளி அதைப் பட்டறையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

திருமழிசை எஸ்டேட்டில் எங்கள் யூனிட். எட்டு மெஷின், ஒரு வெல்டிங் மூலை, வாசலில் ஒரு வேப்பமரம். அதில் பதினேழு வருடம் நான் சூப்பர்வைசராக இருந்தேன். சூப்பர்வைசர் என்பது பெயர்தான். படித்தது எட்டாவது வரைக்கும். படம் பார்க்கக் கற்றுக்கொண்டதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்றுதான். தினமும் நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு சென்னீர்குப்பத்திலிருந்து பஸ் ஏறுவேன். அதனால் எல்லோருக்கும் நான் சாமி. முதலாளிக்கும் சாமி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் முதலாளி என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"இன்னா மொதலாளி?"

"நேத்து ரெண்டு மில்லி எடது பக்கம் சாஞ்சிருந்திச்சு. இன்னிக்கு வலது பக்கம். டெய்லி இப்பிடி ஆட்டினு கீறியே, பெருமாளு இன்னா நெனப்பாரு?"

மறுநாள் ஒரு பித்தளைத் தகடு கொண்டுவந்து கொடுத்தார். திருமண் அளவுக்கு வெட்டி, மூக்குத் தண்டில் உட்காருவதற்கு வளைவு வைத்து, ஓரமெல்லாம் அரத்தால் ராவி வழவழப்பாக்கியிருந்தார். பகவான் விஷயத்தில் இப்படிச் செய்யலாமா என்று இரண்டு நாள் மனசு கேட்கவில்லை. மூன்றாம் நாள் வைத்துப் பார்த்தேன். என் சம்சாரம் காபி கொண்டுவந்தவள் நின்று பார்த்து, "இன்னைக்குத்தான் நீங்க லட்சணமா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கு அப்புறம் நான் யோசிக்கவில்லை. பெருமாளும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதலாளி வீடு ஐயப்பன்தாங்கலில். அங்கே தன் சம்சாரத்துக்குத் தோசை வட்டமாக வரவேண்டும் என்று கல்லின் மேல் வைக்க ஒரு வளையம் செய்துகொடுத்திருந்தார். ஒரு வேலையாக நான் போனபோது அந்த வளையம் மாடியில் கறிவேப்பிலைச் செடியைச் சுற்றிக் கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அந்த அம்மா பார்த்துவிட்டார்.

"உங்க மொதலாளி கைல சொல்லிடாத சாமி. செடியாவது வட்டமா வளரட்டும்" என்றார்.

இன்னொரு தடவை ஆயுத பூஜைக்குக் குட்டி யானைக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் சரக்கு வண்டிதான் அந்தக் குட்டி யானை. எல்லோரும் சக்கரத்துக்கு ஒன்று வைத்து வண்டியை ஏற்றிவிட்டுப் போவார்கள். எங்கள் முதலாளிக்கு அதில் ஒரு குறை தெரிந்தது. ஒரு பழம் முன்னாலும் ஒரு பழம் பின்னாலும் நசுங்குகிறதாம், நாலும் ஒரே நொடியில் நசுங்கினால்தானே திருஷ்டி முழுசாகப் போகும். நாலு சக்கரத்துக்கும் அளவெடுத்து, நாலு கிண்ணம் வைத்து, கம்பியால் இணைத்து ஒரு சட்டம் செய்தார். டிரைவர் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார். நாலும் ஒரே நொடியில் நசுங்கியது உண்மை. அதே நொடியில் கிண்ணத்தின் விளிம்பு குத்தி இரண்டு டயரில் காற்று போனதும் உண்மை. முதலாளி குனிந்து பார்த்துவிட்டு, "டைமிங் கரெக்டு" என்றார்.

இவ்வளவும் சொன்னால்தான் கோல்ஃப் விஷயம் புரியும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியாக்காரர் கம்பெனிக்கு நாங்கள் ஒரு பிராக்கெட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். உள்ளங்கை அகல இரும்பு, அதில் ஏழு துளை. எங்கள் எட்டு மெஷினில் ஐந்து அதற்காகத்தான் ஓடின. இரண்டாவது ஷிஃப்ட் என்று ஒன்று இருந்ததே அதனால்தான். எட்டுப் பேர் தினமும் மூன்றரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வருவார்கள். அதே பிராக்கெட்டை அம்பத்தூரில் இன்னொரு யூனிட்டும் செய்தது. அந்த வருடம் கம்பெனிக்குப் புதிதாக ஒரு கொரியா மேனேஜர் வந்தார். இனி இரண்டு இடம் வேண்டாம், ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது அவர் முடிவு. அம்பத்தூர் முதலாளியின் கார் டிக்கியில் கோல்ஃப் பை எப்போதும் இருக்கும் என்று கேள்வி.

புது மேனேஜர் எங்கள் யூனிட்டைப் பார்க்க வந்தார். ஒல்லியாக, சிரிக்காத முகமாக இருந்தார். கூட மொழிபெயர்க்க ஒரு பெண். பூந்தமல்லிக்காரப் பெண், கொரியா சீரியல் பார்த்தே பாதி பாஷை கற்றுக்கொண்டதாகச் சொல்லும். மேனேஜர் ஏதோ கேட்டார். முதலாளிக்கு யார் எந்த பாஷையில் பேசினாலும் தலையாட்டிவிடும் பழக்கம். ஆட்டினார். மேனேஜர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"சார், நீங்க கோல்ஃப் ஆடுவீங்களான்னு கேட்டார். ஆடுவேன்னு சொல்லிட்டீங்க. மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை சப்ளையர் எல்லாருக்கும் ஒரு ஆட்டம் வெச்சிருக்கார். உங்களையும் கூப்பிடறார். தடி எல்லாம் அங்கேயே குடுத்துடுவாங்க" என்றது அந்தப் பெண்.

கார் போனதும் வெல்டர் அந்தோணி வந்து நின்றார். அந்தோணி எங்கள் யூனிட்டில் வாய்க்குப் பூட்டு இல்லாத ஆள்.

"மொதலாளி, உனுக்குக் கில்லியே ஆட வராது. அன்னிக்குப் பொங்கலுக்கு ஆடி, எதிர்ல குந்தினு இருந்த டீக்கட பாய் மண்டைய ஒடச்ச."

"அது கைல ஆடினது" என்றார் முதலாளி. "மூணு வாரம் கீது. ஜிக்கு ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

அன்றைக்கு மத்தியானமே ஃபோனில் கோல்ஃப் வீடியோ பார்க்க உட்கார்ந்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரர் தடியைத் தூக்கி முழுசாகச் சுற்றி வீசுகிற வீடியோ. அதை நிறுத்தி நிறுத்தி, ஃபோன் கண்ணாடி மேலேயே கோணமானியை வைத்து அளந்தார். மூன்று நாளில் எங்கள் எல்லோருக்கும் அது பாடமாகிவிட்டது.

"தோளு தொண்ணூறு டிகிரி திரும்பணும். இடுப்பு அதுல பாதி. முன்பக்கத்துக் கை மடங்கக் கூடாது. மேல போனதும் மணிக்கட்டு மட்டும் மடங்கணும். எறங்கறப்போதான் விஷயமே கீது. எல்லாரும் கைய மொதல்ல எறக்கிடறாங்க. தப்பு. மொத இடுப்பு, அப்பால தோளு, அப்பால கை, கடைசியா தடி. தல மட்டும் அங்கியே நிக்கணும். முடிச்சிட்டு நின்னா பெல்ட்டு பக்கிளு, பந்து போற பக்கத்தைப் பாக்கணும். பின்னங்கால் குதி மேல தூக்கியிருக்கணும்."

டீ நேரத்தில் எல்லோரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பை மட்டும் திருப்பிப் பார்ப்பார்கள். அந்தோணி திருப்பினால் மட்டும் டீ சிந்தும்.

முதலாளி காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டு என் கையில் கொடுத்தார். முன்னாலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, மேலிருந்து பார்த்தால் எப்படி என்று மூன்று தோற்றம். நானும் அந்தோணியும் இரண்டு நாளில் செய்து நிறுத்தினோம். கீழே ஒரு தகடு, அதில் இரண்டு பாதம் வைக்க அச்சு. முட்டிக்கும் இடுப்புக்கும் தடுப்பு. ஆள் உயரத்துக்குச் சாய்ந்தாற்போல ஒரு பைப் வளையம், தடி அதன் மேல் உரசிக்கொண்டே சுற்ற வேண்டும். தலை அசையாமல் இருக்க, ஒரு கம்பத்தின் நுனியில் ஸ்பிரிங் போட்டுப் பழைய ஹெல்மெட். தோள் தொண்ணூறு வந்ததும் தெரிவதற்கு ஒரு சைக்கிள் மணி, முடிக்கும் இடத்தில் இன்னொரு மணி.

அந்தோணி தள்ளி நின்று பார்த்துச் சொன்னார். "சாமி, இதுல ஆள நிக்க வெச்சா உண்மையெல்லாம் ஒத்துக்குவான்."

தடிக்குப் பதிலாக அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் முனையில் உருண்டையாக ஓர் இரும்பு வைத்து வெல்டு செய்துகொண்டார். பந்து கிடையாது. "பந்து இன்னாத்துக்கு? டிரில்லு ஒயுங்கா எறங்கினா ஓட்ட தானா வியும்" என்றார்.

மறுநாளிலிருந்து காலை ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஹெல்மெட்டில் தலையை விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். டிங். ஒரு விநாடி நிற்பார். உஸ்ஸென்று சத்தம். டிங். அப்படியே முடித்த நிலையில் மூன்று எண்ணும் வரை நிற்பார். ஒரு நாளைக்கு இருநூறு. மெஷின் சத்தத்துக்கு நடுவே அந்த இரண்டு மணியும் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அது ஒரு பூஜை மாதிரியே தோன்ற ஆரம்பித்துவிட்டது. வாயால் மந்திரம் சொல்கிறவனுக்கு மனசு வேறெங்கோ போகும். இந்த மனுஷனுக்கு அந்த ஒரு மணி நேரம் எட்டுப் பேர் வேலையைத் தவிர வேறு நினைப்பு இருந்திருக்காது. அதை அவர் வாயால் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "செகண்டு ஷிஃப்ட்டுல நம்ப ஜோசப்புக்குப் பொண்ணு காலேஜு சேந்துகீது, தெரியுமா?" என்றார். அவ்வளவுதான்.

ஜிக் செய்தபிறகு அவர் வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டார். "ரெண்டு மாஸ்டர் வெச்சா பீஸ் கெட்டுரும்" என்றார். இரண்டாவது வாரம் அவர் சம்சாரம் சாப்பாடு கொண்டுவந்தபோது கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னாங்க, டிவில ஆடறவங்க எல்லாம் அந்தப் பக்கம் இல்ல திரும்பறாங்க. நீங்க இந்தப் பக்கம் திரும்பறீங்களே."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "கேமராவை எதிர்ப்பக்கம் வெச்சிருப்பான்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நானும், ஆமாம் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டினேன். என்னை நான் மன்னிக்கக் கொஞ்ச நாள் ஆனது அந்தத் தலையாட்டலுக்குத்தான்.

ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கொரியா கம்பெனியிலிருந்து பிராக்கெட் படம் ஒன்று திருத்தி வந்தது. அதைப் பிரித்ததும் மூலையில் இருக்கும் சின்னக் குறியில் என் கண் போனது. ஒரு வட்டமும் பக்கத்தில் தலை வெட்டின கூம்பும் போட்ட குறி. படம் எந்த முறையில் வரைந்தது என்று அது சொல்லும். இரண்டு முறை உண்டு. ஒரு முறையில், இடப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை இடப்பக்கமே வரைவார்கள். கொரியாக்காரர்கள் அப்படித்தான். நம் ஊர்ப் பழைய முறையில் அதையே வலப்பக்கம் வரைவார்கள். எங்கள் முதலாளி படித்தது பழைய முறை. நான் வருடக்கணக்காகக் கொரியாப் படமே பார்த்துப் பழகினவன். காலண்டர் தாளில் குறி இல்லை. நானும் கேட்கவில்லை.

ஓடிப்போய் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். முன்தோற்றத்தில் வளையமும் இரண்டு பாதமும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். எந்தப் பக்கம் திரும்பி எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று சொல்கிற தடுப்புகளும் மணிகளும் பக்கத் தோற்றத்தில்தான் இருந்தன. அதை நான் இடம் வலமாக மாற்றிச் செய்துவைத்திருக்கிறேன். வலது கைக்காரரான எங்கள் முதலாளி இரண்டு வாரமாக, நாளைக்கு இருநூறு தடவை, இடது கைக்காரர் வீச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறார். உருண்டை முனை பைப்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். அதனால் அவருக்கும் தெரியவில்லை.

நேராக அவரிடம் போயிருக்க வேண்டும். நான் போனது ஊருக்குள் பெருமாள் கோயிலுக்கு. சன்னதியில் நின்று கேட்டேன். பெருமாளே, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் எங்கள் முதலாளி இடது கைக்காரராக இருக்கட்டும். இல்லையென்றால் அங்கே இருக்கிற தடியெல்லாம் இடது கைத் தடியாக இருக்கட்டும். இரண்டில் எது உனக்குச் சுலபமோ அது. தீர்த்தத்துக்குக் கை நீட்டாமல் நான் நின்றதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று பட்டர் கேட்டார்.

சனிக்கிழமை காலை சொல்லிவிடுவது என்று போனேன். அவர் ஜிக்கில் நின்றுகொண்டிருந்தார்.

"மொதலாளி, ஒரு விஷயம்."

"தல அசையக் கூடாது சாமி. திங்கக்கெயம சொல்லு."

டிங்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னீர்குப்பம் ஸ்டாப்பில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். வெள்ளை டீ ஷர்ட், புதுத் தொப்பி. துண்டும் தண்ணீரும் அந்த அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதமும் என் மடியில். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே, "மொத இடுப்பு, அப்பால தோளு" என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

அவ்வளவு பசுமையை நான் நெல் வயலில்தான் பார்த்திருக்கிறேன். சப்ளையர்கள் நாலு பேர். அம்பத்தூர் முதலாளி முதலில் அடித்தார். பந்து நன்றாகத்தான் கிளம்பியது, பாதி வழியில் மனசு மாறி வலப்பக்கம் மரத்துக்குள் போனது. அடுத்தது இடப்பக்கம். மூன்றாவது நேராகப் போனது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். கையில் ஒரு தடி கொடுத்தார்கள். முதலாளி பந்துக்கு முன்னால் போய், காலை அகட்டி, முட்டியை லேசாக மடக்கி, ஜிக்கில் நிற்கிற மாதிரியே நின்றார். தடியைக் கீழே வைத்தார். தடியின் அடிக்கிற முகம் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"இன்னா சாமி, டூலு திரும்பிக்கினு கீது?"

அப்போதுதான் கைகூப்பிச் சொன்னேன். குறியை, படத்தை, வெள்ளிக்கிழமையை, கோயிலை, எல்லாவற்றையும். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் அந்த மொழிபெயர்ப்புப் பெண் காதில் விழுந்திருக்கும். அது புல்லைப் பார்த்துக்கொண்டது.

முதலாளி தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "படத்துல குறி போடாதது யாரு?"

"நீங்க."

"கேக்காதது?"

"நானு."

"அப்ப ஆளுக்குப் பாதி. வுடு." தடியைத் தூக்கி முன்னும் பின்னும் பார்த்தார். "ஒடம்பு செட்டாயிட்ச்சு. இனிமே மாத்த முடியாது. டூல திருப்பிப் புடிக்கலாம்."

தடியின் மூக்கு தரையைப் பார்க்கிற மாதிரி தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். அப்போது அடிக்கிற முகம் பந்தைப் பார்த்தது. கண்ணை மூடினார். தோள் திரும்பியது. எனக்கு மனசுக்குள் டிங் என்று கேட்டது. இடுப்பு, தோள், கை, தடி. உஸ். முடித்து நின்று மூன்று எண்ணினார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பந்து மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது.

யாரோ சிரித்தார்கள். மறுபடியும் வீசினார். அதே அழகு. பந்து அங்கேயே. மூன்றாவது. நாலாவது. அம்பத்தூர் முதலாளி தன் பக்கத்து ஆளிடம், "பந்துக்கு விசிறி வீசறாரு போல" என்றார். ஐந்தாவது தடவைக்கு எல்லோருமே வாய் விட்டுச் சிரித்தார்கள். எனக்கு மூன்றரை மணிக்கு வருகிற எட்டுச் சாப்பாட்டுக் கூடைகள்தான் கண் முன்னால் வந்தன. கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

முதலாளி நிறுத்தவில்லை. அவருக்குச் சிரிப்புக் கேட்டதா என்றே தெரியவில்லை. தலை அசையாமல் ஆறாவது, ஏழாவது.

எட்டாவது தடவை கொரியா மேனேஜர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். கிட்டே வந்தார். பந்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். ஏதோ சொன்னார்.

"திரும்பவும் வீசச் சொல்றார் சார்" என்றது அந்தப் பெண்.

வீசினார். மேனேஜர் பந்துக்கு மேலே நாலு விரலை வைத்துப் பார்த்தார். இன்னொன்று. மறுபடியும் நாலு விரல். இன்னொன்று. அதே நாலு விரல். தடி ஒவ்வொரு தடவையும் பந்துக்கு மேலே சரியாக நாலு விரல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. திருப்பிப் பிடித்ததில் தடியின் அளவு மாறிப்போன வித்தியாசம் அது. ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

மேனேஜர் எழுந்து, டீ வைத்திருந்த மேஜைக்குப் போனார். ஒரு காலி பேப்பர் கப்பை எடுத்து வந்து புல்லில் கவிழ்த்து, அதன் மேல் பந்தை வைத்தார். தள்ளி நின்று கையைக் காட்டினார்.

முதலாளி கண்ணைத் திறந்தே பார்க்கவில்லை. உஸ் என்று சத்தம் வரவில்லை இந்தத் தடவை. டொக் என்று வந்தது. கப் நின்ற இடத்தில் நின்றது. பந்து போன வழியை நான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். வெயில் கண்ணில் அடித்தது. ஆனால் அம்பத்தூர் முதலாளியின் தலை மெதுவாக மேலே போய், நேராக ரொம்ப தூரம் போய், மெதுவாகக் கீழே வந்ததைப் பார்த்தேன். அது போதும்.

முதலாளி முடித்த நிலையில் நின்று மூன்று எண்ணினார். "வுயுந்திச்சா?" என்றார்.

மேனேஜர் அந்தப் பெண்ணிடம் நீளமாகப் பேசினார். "சார் சொல்றார், இங்க எல்லாரும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி அடிக்கறாங்க. நீங்க பத்துக்கும் மேல தப்பா வீசினீங்க, ஆனா எல்லாம் ஒரே தப்பு. ஒரே தப்பா இருந்தா ஒரு கப்புல சரி பண்ணிடலாமாம். இதை யார் உங்களுக்குக் கத்துக் குடுத்தாங்கன்னு கேக்கறார்."

"யாரும் இல்லமா. ஜிக்கு."

"நாளைக்குக் காலைல அதைப் பாக்க வரேன்னு சொல்றார்."

திங்கட்கிழமை காலை நான் போனபோது முதலாளி ஆபீஸ் அறையில் நின்றுகொண்டிருந்தார். நின்ற கோலம் ஒரு மாதிரி இருந்தது. முகம் என்னைப் பார்த்தது, வயிறு ஜன்னலைப் பார்த்தது.

"இடுப்பு புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது சாமி. அந்த டொக்கு வந்துச்சு பாரு, அதுல புடிச்சிது. ஜிக்குல பந்து வெக்கல இல்ல, அந்த அதிர்ச்சி ஒடம்புக்குத் தெரியல."

அந்தோணி எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, "நட்டு டைட்டாயிட்ச்சு மொதலாளி. ஸ்பேனர் எட்தாரவா?" என்றார்.

மேனேஜர் வந்தார். முதலாளி அப்படியே பக்கவாட்டில் நின்று கும்பிட்டார். அவர் அதை ஒரு மரியாதை முறை என்று நினைத்திருக்க வேண்டும், தானும் கொஞ்சம் இடுப்பைத் திருப்பிக் குனிந்தார். பிறகு ஜிக்குக்குள் ஏறி, ஹெல்மெட்டில் தலையை விட்டு, இரண்டு மணியையும் அடித்துப் பார்த்தார். இடது கைக்கு ஏன் செய்தீர்கள் என்று கேட்டார். முதலாளி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்து, மூலையைத் தொட்டுக் காட்டி, "நான் குறி போடல" என்று மட்டும் சொன்னார். மேனேஜர் தாளை ஒரு தடவை பார்த்தார், ஜிக்கை ஒரு தடவை பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் மெஷின்காரர்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாள் மூலையில் தானே அந்த வட்டத்தையும் கூம்பையும் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு சிரிப்பை உள்ளே வைத்துவிட்டு வேலைக்கு வந்தார். ஐந்து மெஷினிலும் பிராக்கெட் ஜிக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காலையில் போட்ட பீஸில் இருபதைப் பொறுக்கி அளந்தார். இருபதும் ஒன்றுபோல இருந்தன. கார் ஏறும்போது அந்தப் பெண்ணிடம் ஒரே ஒரு வரி சொன்னார்.

"பிராக்கெட் உங்களுக்கேன்னு சொல்றார் சார். ரெண்டு ஷிஃப்ட்டும் ஓட்டுங்கன்னு சொல்றார்."

முதலாளி வழக்கம்போலத் தலையாட்டினார். இந்தத் தடவை புரிந்து ஆட்டினார்.

இப்போது அவர் யூனிட்டை மருமகனிடம் விட்டுவிட்டுப் பெங்களூர்ப் பக்கம் மகளோடு இருக்கிறார். என் முட்டியும் போய்விட்டது, நானும் வேலைக்குப் போவதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் நினைவுக்கு வருகிறது.

மூன்றரை ஆகிவிட்டது. உட்காருங்கள் என்று எவ்வளவோ சொன்னோம், கேட்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நகர்ந்து வாசல் வேப்பமரத்தடிக்கு வந்து நின்றார். இரண்டாவது ஷிஃப்ட் ஆட்கள் எட்டுப் பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி, கூடையை ஆட்டிக்கொண்டு, ஏதோ சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதலாளி ஒரு நாளும் இல்லாமல் வாசலில் நிற்பதைப் பார்த்துத் தயங்கி நின்றார்கள்.

"இன்னா மொதலாளி, லேட்டாயிட்ச்சா?" என்றார் ஜோசப்.

"இல்லப்பா. வாங்க, வாங்க. உள்ள போங்க."

பின்னங்கால் குதி லேசாகத் தூக்கியிருக்க, பெல்ட்டு பக்கிள் பெங்களூர் ரோட்டைப் பார்த்திருக்க, முகம் மட்டும் அந்த எட்டுப் பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கடைசி ஆள் உள்ளே போகும்வரை அவர் தலை அசையவில்லை.